எந்த மார்க் நிஜம்? நினைவை அழிக்கும் தொடர்கள் பற்றி ஒரு நீண்ட பதில்

தம்பி ஒருத்தன் கேட்டிருந்தான். நம்ம சுங்கை சிப்புட் பையன்தான், இப்போது பினாங்கில் ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட். செவரன்ஸ் தொடரின் இரண்டு சீசனையும் ஒரே மூச்சில் பார்த்து முடித்துவிட்டுக் கேட்கிறான்: "அண்ணே, ஆபீஸ் உள்ள இருக்கிற மார்க் வேற ஆளா, வெளிய இருக்கிற மார்க் வேற ஆளா? யாரு நிஜம்? இந்த இங்கிலீஷ் சயன்ஸ் ஃபிக்‌ஷன் சீரியல்ல எல்லாம் ஏன் யாராச்சும் ஒருத்தனோட ஞாபகத்த அழிச்சிட்டே இருக்கானுங்க? நிஜமாவே அப்படி அழிக்க முடியுமா?" பசார் பக்கம் ஒரு தே தாரிக் குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன், அது ஆகிற காரியமாகத் தெரியவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். பல கதைகளின் முடிவை இங்கே போட்டு உடைக்கப் போகிறேன், இன்னும் பார்க்காதவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில், இரண்டு மார்க்கும் நிஜம். அதோடு விட்டால் சப்பென்று போய்விடும். இந்த மாதிரித் தொடர்களைப் பார்க்கும்போது நான் நினைவு போனவனைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக்கொண்டிருக்க மாட்டேன், போகவைத்தவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான், அவனுக்கு அதில் என்ன லாபம், சுவிட்ச் யார் கையில் இருக்கிறது என்று தேடுவேன். அதைப் பிடித்துவிட்டால் அடையாளம், ஆன்மா, 'நான் யார்' என்கிற கேள்வியெல்லாம் தானாக வந்து நிற்கும். தத்துவத்தில் ஆரம்பித்தால் மண்டை காய்வதுதான் மிச்சம்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். செவரன்ஸ் 2022-இல் ஆப்பிள் டிவியில் வந்தது. லூமன் என்று ஒரு கம்பெனி, அதன் ஒரு தளத்தில் வேலை செய்ய வேண்டுமானால் மூளைக்குள் ஒரு சில்லைப் பதித்துக்கொள்ள வேண்டும். லிஃப்டில் இறங்கும்போது வெளியுலக நினைவு அணைந்துவிடும், மாலையில் ஏறும்போது ஆபீஸ் நினைவு அணைந்துவிடும். உள்ளே இருப்பவனுக்கு வீடு இல்லை, தூக்கம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை இல்லை. லிஃப்ட் கதவு மூடித் திறந்தால் மறுநாள் காலை வேலை. வெளியே இருப்பவனுக்கோ வேலையே தெரியாது, சம்பளம் மட்டும் வந்துவிடுகிறது. மார்க் இதை ஏற்றுக்கொண்டதற்குக் காரணம், மனைவி ஜெம்மா இறந்துவிட்டாள் என்ற துக்கத்திலிருந்து நாளைக்கு எட்டு மணி நேரமாவது விடுதலை வேண்டும் என்பது.

முதல் காட்சியை நினைத்துப் பார். ஹெலி என்ற பெண் ஒரு மீட்டிங் மேசைமேல் கண் விழிக்கிறாள். ஸ்பீக்கரில் ஒரு குரல் கேள்வி கேட்கிறது. உன் பெயர் என்ன? தெரியவில்லை. அமெரிக்க மாநிலம் ஏதாவது ஒன்றின் பெயர் சொல். "டெலவேர்" என்று பட்டென்று சொல்லிவிடுகிறாள். உன் அம்மாவின் கண் என்ன நிறம்? தெரியவில்லை. எழுதியவர்கள் விஷயம் தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள். எண்டல் டல்விங் என்ற உளவியலாளர் 1972-இலேயே நினைவை இப்படிப் பிரித்துக் காட்டினார்: உலகத்தைப் பற்றிய பொது அறிவு ஒரு வகை, என் வாழ்க்கையில் எனக்கு நடந்தது இன்னொரு வகை. முதலாவது இருந்தால்தான் ஒருத்தியால் பேச முடியும், எழுத முடியும், கம்ப்யூட்டர் தட்ட முடியும். இரண்டாவது இருந்தால் அவளுக்கு வீட்டு நினைப்பு வரும், அஞ்சு மணிக்குக் கடிகாரத்தைப் பார்ப்பாள். முதலாளிக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததை வெட்டி எடுத்தாயிற்று.

ஹெலி அங்கிருந்து போக ஓயாமல் முயற்சி செய்கிறாள். ராஜினாமா கேட்கிறாள். அதற்கு வெளியே இருக்கும் ஹெலிதான் சம்மதிக்க வேண்டும். கடைசியில் வெளி ஹெலியிடமிருந்து ஒரு வீடியோ வருகிறது: நான் மனுஷி, நீ இல்லை, முடிவெடுப்பது நான். அதே முகம், அதே குரல். அந்த முகத்தில் கோபம்கூட இல்லை, ஒரு சலிப்புதான் இருக்கிறது, அதுதான் பயமாக இருந்தது எனக்கு. சீசன் கடைசியில் தெரிகிறது, வெளியே அவள் ஹெலினா ஈகன், கம்பெனி முதலாளியின் மகள். அடிமையாக வைத்திருப்பவளும் அவள்தான், அடிமையாக இருப்பவளும் அவள்தான்.

கையெழுத்துப் போடுகிறவன் ஒருத்தன், உழைத்துக் கழிக்கிறவன் இன்னொருத்தன். இது தோட்டத்து ஆட்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயமே இல்லை. தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணியின் பேச்சைக் கேட்டு நாகப்பட்டினத்தில் மலாயாவுக்குக் கப்பல் ஏறியது கொள்ளுத்தாத்தா, கடனும் அவர் வாங்கியது. லயத்தில் பிறந்து, தோட்டத்துப் பள்ளியிலேயே படித்து, அதே நெரையில் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியது அவர் பிள்ளையும் பேரப்பிள்ளையும். இந்தியாவிலிருந்து கங்காணி ஆள் கொண்டுவருவது 1938-இலேயே நின்றுபோனது, ஆனால் அவர் ஒத்துக்கொண்டதின் கீழே அதற்கப்புறமும் எத்தனை பேர் வேலை செய்தார்கள்! அந்த ஹெலி, "நான் எப்போ சம்மதிச்சேன்?" என்று கத்தும்போது எனக்கு அமெரிக்கக் கார்ப்பரேட் நையாண்டி எல்லாம் தோன்றவில்லை.

செவரன்ஸுக்கு முன்னாலேயே இதே விஷயத்தை இன்னும் பச்சையாகச் சொன்ன ஒன்று உண்டு, அதிகம் பேர் பேசுவதில்லை. ஸ்டார் டிரெக் வாயேஜரில் 2001-இல் 'வொர்க்ஃபோர்ஸ்' என்று இரண்டு பாகக் கதை. ஒரு கிரகத்தில் ஆள் பற்றாக்குறை. போகிற வருகிற கப்பல்களிலிருந்து ஆட்களைப் பிடித்து, மூளையில் பழைய நினைவை மாற்றி, புதுக்கதை ஒன்றைப் போட்டு வேலைக்கு விடுகிறார்கள். கேப்டன் ஜேன்வே மின் நிலையத்தில் சாதாரண ஊழியராகச் சேருகிறார். யாருக்காவது பழைய நினைவு தலைகாட்டினால், உனக்கு ஒரு நோய் என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மறுபடி 'சிகிச்சை'. எனக்குப் பிடித்த இடம் எது தெரியுமா? ஜேன்வே அங்கே சந்தோஷமாக இருக்கிறார். நல்ல வேலை, அன்பான ஒருவர், ஒன்றாகக் குடித்தனம். ஏழு வருடமாக வீடு திரும்பும் வழி தேடித் தன் ஆட்களையெல்லாம் சுமந்துகொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு முதல்முறையாகத் தோள் இறங்கியிருக்கிறது. மீட்க வந்தவன், "உன் வாழ்க்கை இது இல்லை" என்று சொல்லும்போது அவர் முகம் போகிற போக்கைப் பார். சந்தோஷமாக இருக்கிறவளை எழுப்பிவிட உனக்கு உரிமை உண்டா என்கிற கேள்வியைக் கதை கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்கிறது, பிறகு அமெரிக்கத் தொலைக்காட்சி வழக்கப்படி அவசரமாகக் கப்பலுக்குத் திரும்பிவிடுகிறது. அந்தக் கொஞ்ச நேரமே போதும்.

2009-இல் வந்த டால்ஹவுஸும் இந்த ஜாதிதான். ஐந்து வருட ஒப்பந்தம் எழுதிக்கொடுத்தவர்களின் நினைவைத் துடைத்து, பணக்கார வாடிக்கையாளர் கேட்கிற ஆளாக அவர்களை மாற்றி அனுப்புவார்கள்; வேலை முடிந்ததும் மறுபடி துடைப்பார்கள். யோசனை பயங்கரம், எடுத்த விதம் ஏற்ற இறக்கம். முதல் ஐந்தாறு பாகம் பொறுமையைச் சோதிக்கும். இரண்டு சீசனில் நிறுத்திவிட்டார்கள்.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது ஹோம்கமிங், அமேசானில் 2018-இல் வந்தது, ஜூலியா ராபர்ட்ஸ் நடித்தது. போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு மறுவாழ்வு மையம் என்று ஒன்று. ஹைடி என்ற பெண் அங்கே ஆலோசகர். பையன்களிடம் அன்பாகப் பேசிப் பேசி, போர்க்களத்தில் நடந்ததையெல்லாம் சொல்ல வைக்கிறாள். கேன்டீன் சாப்பாட்டில் மருந்து கலக்கிறார்கள். பேசப் பேச அந்த நினைவு கரைகிறது. கேட்டால் நல்லதுதானே என்று தோன்றும், கெட்ட கனவு போய்விடும், ராத்திரி தூக்கம் வரும். அந்தப் பையன்களை மறுபடி போருக்கு அனுப்பத்தான் இந்த ஏற்பாடு! பயம் என்ற நினைவு இருந்தால் போக மாட்டேன் என்பான், அதனால் பயத்தை எடுத்துவிட்டால் சரி. வலி ஒரு நோய் என்று மட்டும் பார்த்தால் இதில் தப்பே தெரியாது. வலி ஒரு சாட்சியமும்கூட, அதை அழித்தால் குற்றவாளிக்குத்தான் வசதி.

இங்கே சகுந்தலை கதையைச் சொல்லாமல் போக முடியவில்லை. துர்வாசர் சாபத்தால் துஷ்யந்தன் அவளை மறந்தான், மீன் வயிற்றிலிருந்து மோதிரம் கிடைத்ததும் ஞாபகம் வந்தது என்றுதான் நமக்குத் தெரியும். அது காளிதாசர் நாடகத்தில் வருவது. மகாபாரதத்தில் சாபமும் கிடையாது, மோதிரமும் கிடையாது. ராஜாவுக்கு எல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கிறது, சபையில் வைத்துத் தெரியாது என்று சாதிக்கிறான், பிறகு வானத்திலிருந்து அசரீரி கேட்டதும் ஒத்துக்கொள்கிறான். மறதியைக் கொண்டுவந்து வைத்ததும் பார், ராஜா நல்லவன் ஆகிவிட்டான். மறதிக் கதை எங்கே வந்தாலும் யாருக்கு இதனால் விடுதலை கிடைக்கிறது என்று கேட்கச் சொல்வது இதற்குத்தான்.

தண்டனையாக நினைவை அழிப்பதும், நினைவைப் புகுத்துவதும் தனிக் கிளை. பிளாக் மிரரில் 2013-இல் வந்த 'ஒயிட் பேர்' பார்த்திருப்பாய். ஒரு பெண் எதுவும் ஞாபகமில்லாமல் எழுகிறாள், முகமூடி போட்டவர்கள் துரத்துகிறார்கள், சுற்றியிருப்பவர்கள் உதவாமல் போனில் படம் பிடிக்கிறார்கள். அவள் ஒரு குழந்தைக் கொலைக்குத் துணைபோனவள் என்றும், தினமும் அவள் நினைவை அழித்துவிட்டு அதே ஓட்டத்தை மறுபடி நடத்துவதுதான் தண்டனை என்றும், டிக்கெட் எடுத்து மக்கள் பார்க்க வருகிறார்கள் என்றும் கடைசியில் தெரியும். செய்ததே ஞாபகமில்லாதவளைத் தண்டித்தால் தண்டனை யாருக்குப் போய்ச் சேருகிறது? சுற்றி நின்று படம் எடுத்த அந்தக் குடும்பங்களுக்கு நல்ல பொழுதுபோக்கு, அவ்வளவுதான். இதற்கு நேரெதிர், ஸ்டார் டிரெக்கின் இன்னொரு தொடரான டீப் ஸ்பேஸ் நைனில் 1996-இல் வந்த 'ஹார்ட் டைம்'. ஓ'பிரையன் என்ற மெக்கானிக் செய்யாத உளவுக் குற்றத்துக்காக, இருபது வருடம் ஜெயிலில் இருந்த நினைவைச் சில மணி நேரத்தில் அவன் மூளைக்குள் ஏற்றிவிடுகிறார்கள். வீட்டுக்கு வருகிறான், மனைவிக்கு அவன் கொஞ்ச நேரம்தான் காணாமல் போனான், அவனுக்கோ இருபது வருடம். சாப்பாட்டில் கொஞ்சம் எடுத்து ஒளித்து வைக்கிறான், தரையில் படுக்கிறான். அந்த ஜெயிலில் பசியில் தன் கூட்டாளியையே கொன்றுவிட்டதாக ஒரு நினைவு, அதுதான் அவனைத் தின்கிறது. கூட்டாளி என்று ஒருத்தன் இருந்ததே இல்லை. அதனால் என்ன? இவன் கைக்குத் தெரியும் தான் கொன்றது. பொய் நினைவு தருகிற குற்ற உணர்ச்சி பொய்யில்லை என்பதை இதைவிட நன்றாகச் சொன்ன ஒரு மணி நேரத் தொலைக்காட்சி எனக்குத் தெரியாது.

சரி, அடையாளத்துக்கு வருவோம்.

ஜான் லாக் என்ற ஆங்கிலேயத் தத்துவஞானி, 1694-இல் தன் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பில் ஒரு கதை சொன்னார்: இளவரசனின் நினைவெல்லாம் ஒரு செருப்புத் தைப்பவனின் உடம்புக்குள் போய்விட்டால், அந்த உடம்பில் இருப்பது இளவரசன்தான் என்று. நினைவு எங்கே போகிறதோ ஆள் அங்கே. மேற்கத்தியத் தொடர்கள் பெரும்பாலும் இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. நமக்கு இது கூடுவிட்டுக் கூடு பாய்தல், சின்ன வயதில் கேட்ட கதை. ஆனால் நம் கதையில் லாக் யோசிக்காத ஒரு ஆள் இருக்கிறாள். திருமூலர் வரலாற்றை எடுத்துக்கொள். மாடு மேய்க்கும் மூலன் இறந்து கிடக்கிறான், பசுக்கள் சுற்றி நின்று அழுகின்றன, வழியில் வந்த சிவயோகி இரக்கப்பட்டு அந்த உடம்புக்குள் புகுகிறார். மாடுகளை ஊருக்கு ஓட்டிவருகிறார். அங்கே மூலனின் மனைவி காத்திருக்கிறாள். கையைப் பிடிக்க வருகிறாள், எனக்கும் உனக்கும் ஒரு உறவும் இல்லை என்று விலகிவிடுகிறார். அவள் ஊர்ப் பெரியவர்களிடம் போய் முறையிடுகிறாள். பெரியபுராணம் அதற்கப்புறம் யோகியோடு போய்விடுகிறது. நான் இந்தத் தொடர்களையெல்லாம் அந்த மனைவியோடு நின்றுதான் பார்க்கிறேன். அதே முகம், அதே கை, வாசலில் வந்து நின்று உன்னைத் தெரியாது என்கிறது. நினைவுதான் ஆள் என்று வாதாடுகிற தத்துவஞானிக்கு அவளிடம் சொல்ல ஒன்றுமில்லை.

செவரன்ஸ் இரண்டாவது சீசன் 2025-இல் வந்தது, அதில் மிகவும் உயர்ந்த பகுதி, மார்க்கோடு வேலை செய்யும் டிலனின் மனைவி கிரெச்சன் கதைதான். ஊரே கொண்டாடுவது அந்தக் கடைசிப் பாகத்தைத்தான், கொண்டாடட்டும். வெளியே டிலன் எந்த வேலையிலும் நிலைக்காத, சோர்ந்துபோன கணவன். கம்பெனி அவளை ஆபீஸுக்குள் வரவழைத்து உள் டிலனைச் சந்திக்க வைக்கிறது. உள்ளே இருப்பவன் தன்னம்பிக்கையோடு, கண்ணில் ஆசையோடு, அவள் சொல்வதையெல்லாம் வாய் பிளந்து கேட்கிறான். அவள் கல்யாணம் செய்துகொண்டது இந்த டிலனைத்தான்! வெளி டிலனுக்குத் தன்மேலேயே பொறாமை வருகிறது. இது கள்ளக்காதலா? கணவனோடுதானே பேசினாள்? இந்த இடத்தில் அடையாளம் டிலனின் மண்டைக்குள் இல்லை, அவள் கண்ணில் இருக்கிறது. அவள் யாரை அடையாளம் காண்கிறாளோ அவன்தான் அவன்.

டாக்டர் ஹூவில், காலத்திலும் விண்வெளியிலும் சுற்றும் டாக்டரோடு பயணம் போன டோனா நோபல் கதையும் இதையேதான் சுற்றுகிறது. 2008-இல், உயிரைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்லி டாக்டர் அவள் நினைவை அழிக்கிறார், அவள் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சக் கெஞ்ச. அந்தப் பயணங்களில் அவள் எப்படி வளர்ந்தாள் என்பது அவளுக்கே தெரியாமல் போகிறது. தாத்தாவுக்கு மட்டும் தெரியும், பக்கத்திலேயே இருந்துகொண்டு வாய் திறக்க முடியாது. பதினைந்து வருடம் கழித்து 2023-இல்தான் அவளுக்கு அது திரும்பக் கிடைத்தது. டாக்டர் நல்லவர் என்பதால் பலர் அந்தக் காட்சியைத் தியாகம் என்று அழுதுவிட்டுப் போனார்கள். சுவிட்ச் நல்லவன் கையில் இருந்தாலும் அது அவள் கையில் இல்லை, அவ்வளவுதான் நான் சொல்வேன்.

மண்டைக்கு வெளியேயும் ஆள் இருக்கிறான் என்பதற்கு இன்னொரு இடம் உடம்பு. இதை எனக்குக் காட்டியது தொடர் இல்லை, என் பாட்டி. ஆயுசு முழுக்கப் பால் வெட்டியவர். கடைசிக் காலத்தில் என் அப்பாவின் பெயர் போய்விட்டது, என்னை மண்டோர் (தோட்டத்து மேற்பார்வையாளர்) என்று நினைத்துக்கொண்டு மரியாதையாகப் பேசுவார். நாங்கள் அப்போது டவுன் பக்கம் தாமான் வீட்டில், தோட்டத்தை விட்டு வந்து எவ்வளவோ காலம், அந்தப் பால்மரங்களையும் வெட்டிச் செம்பனை போட்டுவிட்டார்கள். ஆனாலும் விடிகாலை நாலு மணிக்கு எழுந்துவிடுவார், பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போக. கதவைத் திறந்து கையை வெளியே நீட்டிப் பார்ப்பார். ஈரமாக இருந்தால், "மரம் நனைஞ்சிருக்கு, இன்னிக்கி வெட்டு இல்ல" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் போய்ப் படுத்துக்கொள்வார். மழை இல்லாத நாளில்தான் எங்களுக்குப் பாடு. கையில் காய்கறிக் கத்தி இருந்தால் மணிக்கட்டு அந்தப் பட்டைச் சரிவுக்கே திரும்பும். பெயர் தெரியாத அந்த மனுஷியைப் பார்த்து, இது பாட்டி இல்லை என்று யாராவது சொல்லியிருந்தால் நான் அடித்திருப்பேன்.

மருத்துவம் இதற்குப் பெயர்பெற்ற ஒருவரை வைத்திருக்கிறது, ஹென்றி மொலேசன். வலிப்பு நோய்க்காக 1953-இல் மூளையில் ஹிப்போகேம்பஸ் பகுதியை அகற்றினார்கள். வலிப்பு குறைந்தது, ஆனால் அதற்கப்புறம் புது நினைவு எதுவும் தங்கவில்லை, 2008-இல் இறக்கும்வரை. பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் அவரிடம் கண்ணாடியில் மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தை வரையச் சொன்னார். ஒவ்வொரு நாளும் இதை முதல்முறை செய்கிறேன் என்றுதான் மொலேசன் நினைத்தார், கையோ நாளுக்கு நாள் தேறியது. செவரன்ஸில் மார்க்கோடு வேலை செய்யும் இர்விங்கைக் கவனித்தாயா? வெளியே இருப்பவர் ஒரு இருட்டு நடைபாதையைத் திரும்பத் திரும்ப வரைகிறார், அவர் போனதாகவே நினைவில்லாத இடம் அது. ஹோம்கமிங் முதல் சீசன் முடிவும் அதுதான்: ஹைடி தன்னிடம் பேசிய சிப்பாய் ஒருவனைத் தேடிப் போகிறாள், அவனுக்கு அவளைத் தெரியவில்லை, ஓட்டலில் உட்கார்ந்து பேசிவிட்டு அவன் எழுந்து போன பிறகு மேசையில் முட்கரண்டி லேசாகக் கோணியிருக்கிறது, முன்பு அவளை வம்பிழுத்த அதே மாதிரி. அவன் தெரிந்து செய்தானா, கை செய்ததா? சொல்லாமல் விட்டதற்கு எழுதியவர்களுக்கு ஒரு கும்பிடு.

மூன்றாவது இடம் காகிதம். இது நம் ஊர்க்காரன் சொல்ல வேண்டிய விஷயம். 1948 ஜூன் 16-ஆம் தேதி இங்கே சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்டதைத் தொடர்ந்துதான் அவசரகாலம் வந்தது, அந்த அவசரகாலச் சட்டத்தில்தான் மலாயாவில் ஐசி என்ற அடையாள அட்டை வந்தது. நீ யார் என்பதை உன் ஞாபகமோ உன் அண்டை வீட்டாரோ சொன்னால் போதாது, அட்டை சொல்ல வேண்டும் என்று ஆன வருடம் அது. அதற்கப்புறம் பேர் எழுதுகிறவர் காதில் விழுந்தபடி எழுதிய பெயரோடு அண்ணன் தம்பிக்கு அப்பா பெயர் வேறு வேறாக இருக்கிற குடும்பங்கள், இங்கேயே பிறந்தும் குடியுரிமை இல்லாதவருக்குத் தரும் சிவப்பு ஐசியோடு காலம் தள்ளிய கிழவர்கள் எல்லாம் உனக்குத் தெரியும். அதனால்தான் இந்தத் தொடர்களில் நினைவு அழிப்பதோடு கூடவே பெயரை மாற்றுவதும் நடக்கும்: ஹெலி ஆர் என்று ஒற்றை எழுத்தில் நிற்கும் இனிஷியல், டால்ஹவுஸில் எக்கோ என்று ரேடியோக்காரன் வைத்த மாதிரிப் பெயர், 1967-இல் வந்த தி பிரிசனரில் வெறும் நம்பர் ஆறு. பேரேட்டை வைத்திருப்பவன் மூளையைத் தொடாமலே பாதி வேலையை முடித்துவிடுவான்.

நிஜத்தில் முடியுமா என்று கேட்டாய். லிஃப்டில் ஏறி இறங்கினால் ஆள் மாறுகிற அளவுக்கு முடியாது. நினைவு மூளையில் ஒரே இடத்தில் பெட்டிபோட்டு வைத்திருக்கவில்லை, ஆபீஸ் நினைவு இந்தப் பக்கம், வீட்டு நினைவு அந்தப் பக்கம் என்று பிரித்து அணைக்க. அப்புறம் நம்ம சினிமாவில் வருகிற மாதிரி தலையில் ஒரு அடி பட்டதும் சொந்தப் பெயர் மட்டும் மறந்து, இரண்டாவது அடியில் திரும்புவதெல்லாம் கதை. உண்மையில் அடிபட்டவர்களுக்கு அதிகமாகப் போவது அடிக்குக் கொஞ்சம் முன்னும் பின்னும் நடந்ததுதான், பெயர் அப்படியே இருக்கும். ஆனால் நினைவு இளகுகிற பொருள் என்பதில் தொடர்கள் சொல்வது தப்பில்லை. 2000-இல் கரீம் நாதெர் என்பவரும் கூட்டாளிகளும் எலிகளில் காட்டியது: பழைய பய நினைவைக் கிளறிவிட்டு, அந்தச் சமயத்தில் மூளையின் குறிப்பிட்ட பகுதியில் புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தால், அந்த நினைவு திரும்பக் கெட்டிப்படுவதில்லை, எலி பயப்படுவது குறைகிறது. நினைவுகூரும்போதுதான் நினைவு உருகிய நிலைக்கு வருகிறது. ஹோம்கமிங்கில் பேசப் பேச மருந்து வேலை செய்வது இந்த ஆராய்ச்சியை நினைவூட்டும். 2013-இல் எம்ஐடியில் டோனெகாவா குழு இன்னும் ஒரு படி போனது. சுண்டெலியின் மூளையில் குறிப்பிட்ட நரம்பணுக்களை ஒளியால் தூண்டி, நடக்காத இடத்தில் ஷாக் அடித்ததாக அதை நம்பவைத்தது.

மனுஷனுக்கோ இவ்வளவு செலவே வேண்டாம், ஒரு வார்த்தை போதும். எலிசபெத் லாஃப்டஸ் 1974-இல் கார் மோதுகிற படத்தைப் போட்டுக் காட்டினார். சிலரிடம் கார்கள் 'இடித்தபோது' என்ன வேகம் என்று கேட்டார், சிலரிடம் 'நொறுங்க மோதியபோது' என்று கேட்டார். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா என்று கேட்டால், இரண்டாவது குழுவில் பார்த்தேன் என்றவர்கள் இரண்டு மடங்குக்கு மேல். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது.

எல்லாம் அப்படியே பதிவாகிவிட்டால் நல்லதா? அதற்கும் ஒரு பதில் உண்டு, பிளாக் மிரரில் 2011-இல் வந்த 'தி என்டயர் ஹிஸ்டரி ஆஃப் யூ'. காதுக்குப் பின்னால் ஒரு விதை மாதிரிச் சாதனம், பார்த்தது கேட்டது எல்லாம் பதிவாகும், ஓட்டிப் பார்க்கலாம். ஏர்போர்ட்டில் அதிகாரி உன் கடந்த வாரத்தைப் போட்டுக் காட்டச் சொல்வான். லியாம் மனைவிமேல் சந்தேகப்பட்டு ஒரு விருந்துக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து, சந்தேகம் சரிதான் என்று நிரூபித்து, குடும்பத்தை இழந்து, கடைசியில் பிளேடால் அதை வெட்டி எடுக்கிறான். வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டை வைத்துச் சண்டை போடுகிற தம்பதிகளைப் பார்த்த யாருக்கும் இது சயன்ஸ் ஃபிக்‌ஷன் என்று தோன்றாது.

ஏன் தொலைக்காட்சியில் இவ்வளவு நினைவழிப்பு என்று கேட்டாயே, இதற்கு ஒரு தொழில் காரணமும் இருக்கிறது, அதை யாரும் கவனிப்பதில்லை. பழைய அமெரிக்கத் தொடர்களை மறுஒளிபரப்புக்கு விற்பார்கள், எந்த ஊர் ஸ்டேஷனும் எந்தப் பாகத்தையும் எந்த வரிசையிலும் போடும். அதனால் பாகம் முடியும்போது எல்லாரும் ஆரம்பித்த இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். ஸ்டார் டிரெக்கில் 1992-இல் 'தி இன்னர் லைட்' என்று ஒன்று வந்தது, கேப்டன் பிக்கார்ட் இருபத்தைந்து நிமிட மயக்கத்துக்குள் வேறொரு கிரகத்தில் கல்யாணம், பிள்ளை, பேரன் என்று ஒரு முழு ஆயுளை வாழ்ந்து கிழவராகிவிடுகிறார். எழுந்த பிறகு அந்த வாழ்க்கையில் வாசித்த புல்லாங்குழல் கைக்கு வருகிறது, அதை வாசிக்கத் தெரிகிறது. அடுத்த வாரம் வழக்கம்போல வேலைக்கு வந்துவிட்டார்! அடுத்த வருடம் ஒரு பாகத்தில் அந்தக் குழலைக் கொஞ்சம் தொட்டார்கள், மற்றபடி அந்த மனைவி பிள்ளைகளைப் பற்றிப் பேச்சே கிடையாது. ஓ'பிரையனுக்கும் அதே கதி, இருபது வருட ஜெயில் அடுத்த வாரம் காணோம். அந்தக் காலத் தொடர்களே வாராவாரம் தங்கள் ஆட்களின் நினைவைத் துடைத்துக்கொண்டிருந்தன, எழுதியவர்களுக்கு அது உறுத்தாமல் இருந்திருக்காது. இப்போது ஸ்ட்ரீமிங் வந்து எல்லாரும் முதலிலிருந்து வரிசையாகப் பார்ப்பதால் ஒரு காயத்தைப் பத்துப் பாகத்துக்கு ஆறவிடாமல் வைத்திருக்க முடிகிறது. செவரன்ஸ் தொண்ணூறுகளில் வந்திருந்தால் லூமன் ஒரே வாரத்தில் பிடிபட்டிருக்கும்.

கடைசியாக உன் மார்க். இரண்டாம் சீசன் முடிவில் இரண்டு மார்க்கும் ஒரு பழைய கேமராவில் மாற்றி மாற்றிப் பதிந்து பேசிக்கொள்கிறார்கள். இறந்துவிட்டதாக நினைத்த ஜெம்மா உயிரோடு லூமனுக்குள்தான் அடைபட்டிருக்கிறாள். வெளி மார்க் நயமாகப் பேசுகிறான், மனைவியைக் காப்பாற்று, பிறகு நாம் இருவரும் ஒன்றாகிவிடலாம் என்கிறான். பேசும்போது ஹெலியின் பெயரைத் தப்பாகச் சொல்கிறான். உள் மார்க் அங்கேதான் உஷாராகிறான்: என் வாழ்க்கையில் எனக்கிருக்கும் ஒரே ஆளின் பெயர்கூட உனக்குத் தெரியவில்லை, ஒன்றானால் அதில் நான் எவ்வளவு இருப்பேன்? ஜெம்மாவை வாசல்வரை கொண்டுவந்து விடுகிறான், அவள் கதவைத் தட்டிக் கத்துகிறாள், இவன் திரும்பி ஹெலியோடு ஓடுகிறான். உன் நண்பர்கள் துரோகம் என்கிறார்களாமே. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவனைக் கேட்காமல் அவனை உண்டாக்கினார்கள், கேட்காமல் வேலை வாங்கினார்கள், காரியம் முடிந்ததும் கேட்காமல் கரையச் சொன்னார்கள். முதல்முறையாக அவன் கையில் சுவிட்ச் வந்தது, அவன் அணைக்கவில்லை. அதே நேரம் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவள் மூலன் மனைவிதான், அவள் பக்கத்து நியாயமும் அப்படியே நிற்கிறது. இரண்டையும் ஒன்றாக்கி ஒரு தீர்ப்பு எழுத என்னால் முடியாது, மூன்றாவது சீசனில் அவர்கள் எழுதினால் பார்ப்போம்.

அடுத்து எதைப் பார்ப்பது என்று கேட்பாய். ஹோம்கமிங் முதல் சீசன், பத்துப் பாகம், ஒவ்வொன்றும் அரை மணி நேரம் மாதிரிதான், நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்குவதற்கு முன்னால்கூட ஒன்று பார்க்கலாம். இரண்டாவது சீசன் வேண்டுமானால் பார், நான் வற்புறுத்த மாட்டேன். வாயேஜர் முழுவதையும் பார்க்கத் தேவையில்லை, 'வொர்க்ஃபோர்ஸ்' இரண்டு பாகம் மட்டும் தேடிப் பார், முன்கதை தெரியாவிட்டாலும் புரியும். 'ஹார்ட் டைம்' மட்டும் மனசு சரியில்லாத நாளில் வேண்டாம். தற்கொலைவரை போகிற காட்சி இருக்கிறது, தனியாகப் பார்க்காதே, ரூம்மேட்டையும் கூப்பிட்டுக்கொள்.